கப்பல்காரனின் நாலாம் பக்கம்

பேப்பர் அட்மிரல் என்ற இங்கிலீஷ் ராக் கோஷ்டிக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் பதினோரு ரசிகர்கள் இருந்தோம். இப்போது மூன்று பேர். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு யாராவது வந்து அந்தக் கோஷ்டியில் ஆர்கன்காரன் பெரியவனா கிதார்க்காரன் பெரியவனா என்று கேட்டால், ஆளை விடு சாமி என்று எழுந்து போய்விடுவேன். அவ்வளவு பேசியாகிவிட்டது.

என் பெயர் பூமாலை. எண்பத்து மூன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் ரிக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஜனங்கள் சினிமாப் பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் பதிவு செய்து கொடுப்பேன். மறுவருஷம் மெட்ராஸ் மூர் மார்க்கெட் நடைபாதையில் பழைய இசைத்தட்டு தேடிக்கொண்டிருந்தபோது அந்த ஆல்பம் கிடைத்தது. இரண்டு தட்டு, நாலு பக்கம். அட்டையில் காகிதத் தொப்பி போட்ட ஒரு கிழவன் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே பாட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. வாங்கி வந்து கடையில் போட்டேன். கேட்டவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். போகாமல் நின்றவர்களில் இரண்டு பேர்தான் ராஜாங்கமும் அரங்கநாதனும்.

ராஜாங்கம் என் வயதுக்காரன். கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். அரங்கநாதன் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், மின்வாரியத்தில் இருந்தார். அவர் அப்பா மிருதங்கம் வாசித்தவர் என்பதால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தொடையில் தாளம் போட்டு எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார். முதல் நாளே, "யோவ், இவன் மிஸ்ர சாபுல அடிச்சிக்கினு இருக்கான்யா, ஏழு தட்டு" என்று சொல்லிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான்.

அந்த ஆல்பத்துக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் கப்பல்காரன். நாலு பக்கமும் சேர்ந்து ஒரே கதை. எங்கள் மூன்று பேர் இங்கிலீஷையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு முழு ஆளின் இங்கிலீஷ் தேறாது. ஆனால் கதை புரிந்தது. ஒருவன் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு கப்பலேறுகிறான், அது முதல் பக்கம். அடுத்து புயல், மணிச் சத்தம், தண்ணீர், மூச்சுத் திணறல், பிறகு அமைதி. அடுத்து ஏதேதோ தீவுகள், பறவைகள், நெடுந்தூரப் பயணம். கடைசியில் காலடிச் சத்தம், கதவை மூன்று தட்டு, தாழ்ப்பாள் விலகும் ஓசை, ஒரு பெண் சிரிக்கிறாள். முடிந்தது.

இதில் எங்களுக்குள் ஒரு சண்டை. புயலில் அவன் செத்தானா பிழைத்தானா? அரங்கநாதன் செத்துவிட்டான் என்பார். கதவைத் தட்டுவது ஆவி, அதனால்தான் கடைசியில் அவன் குரல் வருவதில்லை என்பார். ராஜாங்கம் ஒத்துக்கொள்ள மாட்டான். பலகையைப் பிடித்துத் தீவில் ஒதுங்கி, வருஷக்கணக்கில் சுற்றி, வீடு வந்து சேர்ந்துவிட்டான். ஆவிக்கு எவளாவது கதவைத் திறந்துவிட்டுச் சிரிப்பாளா? இதுதான் அவன் கட்சி. நான் இரண்டு பக்கமும் ஊதிவிட்டு டீ சொல்வேன். இப்படியே முப்பது வருஷம் ஓட்டினோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்றைக்கு ஊரே அணைக்கும் அருவிக்கும் கிளம்பும், ஜீப்புக்கு அடிபிடியாக இருக்கும். ராஜாங்கம் அன்றைக்கு மட்டும் யாரையும் ஏற்றமாட்டான். நாங்கள் மூன்று பேர் மட்டும் கச்சிராயபாளையத்தில் ஏறி, கப்பல்காரனைப் போட்டுவிட்டு மலையேறுவோம். முழுக்க ஓட ஒன்றரை மணி நேரம். வெள்ளிமலை தாண்டி, சாமை அறுத்த காட்டோரம் ஜீப்பை நிறுத்தும்போது கதவு தட்டும் இடம் வரும். ராஜாங்கம் சத்தத்தைக் கூட்டிவைத்து, "வந்துட்டாம்பாரு" என்பான். அந்தப் பெண் சிரிப்பாள். பிறகு சோற்றுத் தூக்கைத் திறப்போம்.

இப்போது நான் செய்த கோளாறைச் சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்து வைத்து அலுத்துவிட்டது.

அந்த முதல் தட்டில் ஒரு புறம் ஒன்று என்றும் மறுபுறம் நாலு என்றும் போட்டிருந்தது. இரண்டாவது தட்டில் இரண்டும் மூன்றும். வெள்ளைக்காரனும் அச்சுப்பிழை விடுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் தட்டின் இரண்டு புறத்தையும் வரிசையாகப் பதிவு செய்தேன், அப்புறம் இரண்டாவது தட்டு. தட்டு என்றால் ஒரு புறம் முடிந்தால் திருப்பிப் போடுவதுதானே உலக வழக்கம்? ராஜாங்கம்கூட அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான், அச்சுப்பிழைடா என்று விளக்கம் வேறு சொன்னேன். அந்த வரிசையில்தான் இந்த வட்டாரத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் அணை வேலையாக வந்த பெங்களூர் இஞ்சினியர் ஒருவர் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கடைசிப் பக்கத்தை ஏன் நடுவில் போட்டிருக்கிறாய் என்றார். அந்தக் காலத்தில் தட்டுகளை மேலே அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடுகிற பெட்டி இருந்ததாம். ஒன்றும் இரண்டும் பாடி முடிந்ததும் அடுக்கை மொத்தமாகத் திருப்பிவைத்தால் மூன்றும் நாலும் பாடும், அதற்குத் தோதாக ஒன்றும் நாலும் ஒரே தட்டில் வருமாம். ஆக, கப்பல்காரன் முதலில் ஊர் சுற்றுகிறான், பிறகு வீடு திரும்புகிறான், கதவைத் தட்டுகிறான், அவள் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு மறுபடியும் கடலுக்குப் போகிறான். அங்கேதான் புயல். அங்கேயே முடிகிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வெட்கம். ஊரில் ரிக்கார்டிங் என்றால் பூமாலை என்று பேர் வாங்கியவன், தட்டின் பக்கம் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்ற எண்ணம். பிறகு வெட்கம் போய்விட்டது, வேறு காரணம் வந்துவிட்டது.

ராஜாங்கத்துக்கு ஒரே பிள்ளை, சின்னராசு. போர்வெல் லாரியோடு வடக்கே போனான். போன மூன்றாம் மாதம் ஜபல்பூரிலிருந்து பேசினான். அதோடு சரி. லாரிக்காரர்கள், அவன் வேறு வண்டி மாறிப் போய்விட்டான் என்றார்கள். ராஜாங்கம் இரண்டு தடவை போய்த் தேடிவிட்டு வந்தான். இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தான். அந்த வருஷத்துக் கரிநாளில் கதவு தட்டும் இடம் வந்தது. "வந்துட்டாம்பாரு" என்று அவன் சொன்னதைக் கேட்டு நானும் அரங்கநாதனும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தோம். அன்றிலிருந்து அரங்கநாதன் ஆவி என்ற பேச்சை எடுத்ததே இல்லை. முப்பது வருஷமாக விடாமல் வாதாடிய மனிதர், ஒரே நாளில் தோற்றுப்போனதாக வைத்துக்கொண்டார்.

கொஞ்ச வருஷத்துக்கு முன் என் போனில் அந்த ஆல்பம் அகப்பட்டது. அடியில் உலகத்து ரசிகர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். மொழிபெயர்த்துக் காட்டச் சொல்லிப் படித்தேன். அண்ணன் அறையில் ஒளிந்துகொண்டு முதல்முதலாகக் கேட்டேன் என்று ஒருவர். டிரம்ஸ் ரொம்ப நீளம் என்று ஒருவர், வாயை மூடு என்று அவருக்கு நாலு பேர். நாலாம் பக்கத்தை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியாது என்று ஒரு அம்மாள். கள்ளக்குறிச்சியில் அவன் வீடு திரும்பிவிடுகிறான் என்று எழுதலாமா என்று தோன்றியது. எழுதவில்லை.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் அம்சவள்ளி என் வீட்டுக்கு வந்தாள். சின்னராசுவின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவன் போய்விட்டான். பிள்ளையில்லை. தையல் கடைக்குப் போய்க்கொண்டு, மாமனாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, பத்து வருஷமாக அந்த வீட்டிலேயே இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு மேல் புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாவிட்டால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லி, கேஸ் போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். கேஸ் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியாது.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"மாமா, பொங்கல் கழிச்சி வர்ற திங்கக்கிழமை கோர்ட்ல எங்க மாமனாரு சாட்சி சொல்லணும். புள்ளகிட்டேர்ந்து போன் வந்திச்சின்னு சொல்லப் போறாராம். அதச் சொல்லிட்டார்னா கேஸ் நிக்காதுன்றாரு வக்கீலு."

அந்தப் போன் கதையும் எனக்குத் தெரிந்ததுதான். நாலு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு நம்பரிலிருந்து மணியடித்தது. யாரும் பேசவில்லை. லாரி சத்தம் கேட்டது, வைத்துவிட்டார்கள். ராஜாங்கம் அதைச் சின்னராசு என்று முடிவுகட்டிவிட்டான்.

"பேசாத வெச்ச போனுக்குப் புள்ளன்னு பேரு வெச்சிக்கினு இருக்காரு," என்றாள் அம்சவள்ளி. "காசிநாதன்னு ஒருத்தரு என்னியக் கட்டிக்கிறேன்றாரு. ரெண்டு வருசமா காத்துக்கினு இருக்காரு. இனிமே அவரையும் காக்க வெக்க எனக்கு மனசு வரல மாமா. எனக்கும் முப்பத்து மூணு ஆயிடிச்சி. நான் கேட்டா, கடைசில கதவத் தட்டுவான், நீ சிரிச்சிக்கினு தொறப்பன்றாரு. எனக்குச் சிரிப்பெல்லாம் எங்க இருக்குது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தட்டுவான் என்பதை ராஜாங்கத்துக்குக் கொடுத்தது நான். என் கடையில், என் கையால் பதிவு செய்து கொடுத்தேன்.

கரிநாள் வந்தது. அணைப் பக்கம் கூட்டம் நெரிந்தது. ராஜாங்கம் கையைக் காட்டியவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டியபடி ஜீப்பை மலைப்பாதையில் ஏற்றினான். கேசட் போய் இப்போது பென் டிரைவ். வரிசை மட்டும் அதே வரிசை, நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். முதல் பக்கம் முடிந்து புயல் வந்தது. அரங்கநாதன் தொடையில் எண்ணிக்கொண்டு வந்தார். ஆர்கன் இன்றைக்குக் கம்மியாகக் கேட்கிறது என்றார். ஸ்பீக்கர் கிழிந்துபோச்சு என்றான் ராஜாங்கம். இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

வெள்ளிமலை தாண்டி நிறுத்தினோம். கப்பல்காரன் கதவைத் தட்டினான், தாழ்ப்பாள் விலகியது.

"வந்துட்டாம்பாரு," என்றான் ராஜாங்கம். அவள் சிரித்து முடித்தாள். ராஜாங்கம் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, திங்கள்கிழமை கோர்ட்டில் போன் வந்ததைச் சொல்லப் போவதாக எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான். அம்சவள்ளிக்கு இப்போது கோபம் இருக்கும், பிள்ளை வந்து நின்றால் தீர்ந்துவிடும் என்றான்.

"சொல்லாதடா," என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். ஒன்று, நாலு, இரண்டு, மூன்று என்று பதிவு செய்ததை, இஞ்சினியர் வந்ததை, தட்டு தானே விழும் பெட்டியை, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவன் சிரித்தான். அச்சுப்பிழை என்று நீதானே சொன்னாய் என்றான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

"அப்ப கடைசி எது?"

"ரெண்டாவதா கேட்டமே. அதுதான்."

அரங்கநாதனைத் திரும்பிப் பார்த்தான். அவர் சோற்றுத் தூக்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவருக்கும் ஐந்தாறு வருஷமாகத் தெரியும் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. போனில் பார்த்துவிட்டிருக்கிறார். ஆள் கமுக்கம்.

"சரியான வரிசையில போடு," என்று சொல்லிவிட்டு ராஜாங்கம் வண்டியைத் திருப்பினான். யாரும் சாப்பிடவில்லை.

இறங்கும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தேர்ந்து போட்டேன். அவன் எந்த வளைவிலும் தடுமாறவில்லை. ஹாரன் அடித்து, ஒதுங்கி, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, எப்போதும்போல் ஓட்டினான். பெரியார் அருவி தாண்டிக் கொஞ்சம் கீழே வரும்போது கதவு தட்டும் இடம் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சிரித்தாள். அதன் மேலேயே நாலாம் பக்கம் ஆரம்பித்தது.

எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் நானும் ஒரு நாள்கூட அந்த வரிசையில் கேட்டதில்லை. பயம்தான். அந்த மணிச் சத்தத்தை எத்தனையோ நூறு தடவை கேட்டிருக்கிறேன், நடுவில் வரும் ஒரு கஷ்டம், தாண்டிவிடலாம் என்றுதான் இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. தண்ணீர்ச் சத்தம் வந்தது, மூச்சு வந்தது, நின்றது. அதற்கு மேல் எதுவும் இல்லை. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

அணைக்கு முன்னால், கூட்டத்துக்கு ஓரமாக ஜீப்பை நிறுத்தினான். பொரி, கரும்பு, பலூன் என்று ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை விடாமலே கேட்டான்.

"கதவத் தொறந்தாளே, அந்தப் பொம்பள. நாலாவதுல அவ பேச்சே இல்லியே."

"இல்ல."

"அவ இன்னா ஆனா?"

"அது ரிக்கார்டுல இல்லடா."

தலையை ஆட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. களைத்துப்போனவன் வழி கேட்பதுபோல் கேட்டான்.

"என் புள்ள காணாம போனப்பவும் உனுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"வருசா வருசம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கினு பக்கத்துல குந்திக்கினு இருந்த."

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை அது. மீதிப் பாதி, சொல்ல எனக்குச் சோம்பலும் பயமும். இறங்குங்க என்றான். இறங்கினோம். நானும் அரங்கநாதனும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம்.

திங்கள்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே ராஜாங்கத்திடம், மகனிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டார்களாம். இல்லீங்க, ஒரு போனும் வரலீங்க என்றானாம். அம்சவள்ளிதான் வெளியே வந்து சொன்னாள். ராஜாங்கம் பின்னால் வந்தான். அவள் தோளில் தட்டி, வா வூட்டுக்குப் போலாம் என்று கூப்பிட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனான்.

ஆவணியில் அவளுக்கும் காசிநாதனுக்கும் கோயிலில் கல்யாணம். பெண்ணைப் பெற்ற இடத்தில் ராஜாங்கமே நின்றான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறான். அரங்கநாதன் வீட்டுக்குப் போனான். என் தெரு வரைக்கும் வந்து, எனக்கு எதிர்வீட்டில் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றிருந்தேன். அம்சவள்ளி தனியாக வந்து பத்திரிகை வைத்தாள், காலில் விழுந்தாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

அரங்கநாதன் எப்போதாவது வருவார். கல்யாணத்தன்று சாப்பாடு நன்றாக இருந்ததையும், ராஜாங்கம் ஓடி ஓடிப் பரிமாறியதையும், பெண்ணை அனுப்பிவிட்டு ஜீப்புக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டதையும் அவர்தான் சொன்னார். நீ செய்தது நல்லதுய்யா, அந்தப் பெண் பிழைத்தாள், அவனும் ஒரு பொய்ச்சாட்சியிலிருந்து தப்பித்தான் என்பார். நல்லது கிடக்கட்டும் சார். எனக்கு ராஜாங்கம் வேண்டும்.